‘தயவுசெய்து அனுப்பவும்’ ஏன் சுடுகிறது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் பம்ப் உதிரிபாகம் விற்கும் நிறுவனம் ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கிறீர்கள், வயது 28. உங்களுக்குக் கீழே 14 பேர். அலுவலக வாட்ஸ்அப் குழுவில் எல்லாம் தமிழில்தான் ஓடுகிறது. சென்ற வாரம் ஸ்டோர் கீப்பருக்கு இப்படி எழுதியிருக்கிறீர்கள்: “ஸ்டாக் பட்டியல் இன்னும் அனுப்பவில்லை. ஏன்? தயவுசெய்து இன்று 4 மணிக்குள் அனுப்பவும்.” 55 வயதுக்காரர் பட்டியலை மூன்றரைக்கே அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து உங்களோடு பேச்சில்லை. ‘தயவுசெய்து என்றுதானே எழுதினேன், இதில் என்ன மரியாதைக் குறைவு?’ என்று கேட்கிறீர்கள். கூடவே, அலுவலகம் மூடிய பிறகு வரும் அழைப்புகளுக்குத் தமிழில் ஒரு குரல் பதிவு வைக்கும்படி முதலாளி சொல்லியிருக்கிறார். அதற்கும் வாசகம் வேண்டும்.

இதே ஊரில் முப்பது ஆண்டுகள் அலுவலகக் கடிதம் எழுதியே சோறு தின்றவள் நான். நீங்கள் செய்த தவற்றை உங்களுக்கு முன்பே செய்திருக்கிறேன் என்பதால்தான் பதில் சொல்லத் துணிகிறேன். முதல் வேலையில் எனக்கு 23 வயது. கணக்குப் பிரிவில் இருந்த ஒரு பெரியவரிடமிருந்து செலவுச் சீட்டுகள் வர வேண்டியிருந்தது. வாட்ஸ்அப் எல்லாம் இல்லாத காலம். தட்டச்சு செய்து அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்: “தங்கள் கவனத்திற்கு. செலவுச் சீட்டுகள் இதுவரை ஒப்படைக்கப்படவில்லை. உடன் ஒப்படைக்கவும்.” அரை மணி நேரத்தில் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். “அம்மணி, எனக்கு நோட்டீஸ் கொடுத்திருக்கிறீர்களா?” என்றார். கோபம்கூட இல்லை, பயந்திருந்தார். ‘தங்கள்’ என்று எழுதினால் மரியாதை கூடும் என்று நான் நினைத்தேன். அவர் கண்ணுக்கு அது வேலையைப் பறிக்க வரும் தாளின் நடையாகத் தெரிந்திருக்கிறது.

இந்த ஊர்ப் பேச்சில் மரியாதை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு நாள் காது கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். ‘சரிங்க’, ‘ஆமாங்க’, ‘இல்லைங்க’, ‘எப்படிங்க’ என்று எந்தச் சொல்லின் வாலிலும் ஒரு ‘ங்க’ ஒட்டிக்கொள்கிறது. காய்கறிக்காரர் விலை சொன்னால்கூட ‘நாற்பதுங்க’ என்றுதான் சொல்வார். அந்த ஒட்டு ஒன்றே பாதி மரியாதையைச் சுமக்கிறது. மீதியைக் குரலும் முகமும் பார்த்துக்கொள்கின்றன. அலுவலகச் செய்தி என்றதும் நாம் எழுத்துத் தமிழுக்கு மாறிவிடுகிறோம். ‘சரிங்க’ வெறும் ‘சரி’ ஆகிறது, ‘இல்லைங்க’ வெறும் ‘இல்லை’ ஆகிறது. நேரில் ஒருவரையும் நோகடிக்காத ஆள், திரையில் கடுகடுவென்று தெரிவது இப்படித்தான். உதிர்ந்துபோன அந்த ‘ங்க’வின் இடத்தில்தான் நீங்கள் ‘தயவுசெய்து’வைத் தூக்கி வைத்தீர்கள். அது அங்கே பொருந்தாது.

ஏன் என்று பார்ப்போம். ஒரு தமிழர் ‘தயவுசெய்து’ என்ற சொல்லை எங்கெல்லாம் படித்திருப்பார்? ‘தயவுசெய்து காலணிகளை வெளியே விடவும்’, ‘தயவுசெய்து சுவரில் சாயாதீர்’, ‘தயவுசெய்து கடன் கேட்காதீர்’. பலகையில் படித்திருப்பார். அம்மாவிடம் ‘தயவுசெய்து சோறு போடுங்கள்’ என்று யாராவது கேட்டால் வீட்டில் சண்டை என்று பொருள். வாய்ப்பேச்சில் அந்த வேலையைச் செய்வது ‘கொஞ்சம்’. ‘கொஞ்சம் அந்த சாவியை எடுங்கள்’ என்றால் சாவியில் பாதியை யாரும் எடுத்துத் தருவதில்லை. கேட்பவர் தன் கோரிக்கையைத் தானே சிறிதாக்கிக்கொள்கிறார் என்று புரிந்துகொள்கிறோம். எழுத்திலும் ‘கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்’ என்று எழுதலாம், தவறே இல்லை. ‘தயவுசெய்து பார்த்துச் சொல்லவும்’ என்பதைவிட அது பத்து மடங்கு இதமானது.

அடுத்து ‘அனுப்பவும்’. இந்த ‘-வும்’ ஒரு விசித்திரமான வடிவம். அதில் நீ இல்லை, நீங்களும் இல்லை. யாரை நோக்கிச் சொல்கிறோம் என்று முடிவு செய்யாமலே ஏவிவிடலாம். அதனால்தான் விண்ணப்பப் படிவத்துக்கும் அறிவிப்புக்கும் அது அவ்வளவு வசதி. குழுவில் 14 பேருக்கும் சேர்த்து ‘சனிக்கிழமை 9 மணிக்கு வரவும்’ என்று எழுதினால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரே ஒருவரைப் பார்த்து எழுதும்போது, அவர் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசியதுபோல் ஆகிவிடுகிறது. ‘அனுப்புங்கள்’ என்று எழுதியிருந்தால் அவர் அதில் இருந்திருப்பார்.

‘அனுப்புங்கள்’ என்பதோடும் முடியவில்லை. தமிழில் குணம் எல்லாம் துணைவினையில் இருக்கிறது. ‘அனுப்பிவிடுங்கள்’ என்றால் முடித்துத் தள்ளுங்கள் என்ற அவசரம் கலந்திருக்கிறது. ‘அனுப்பிவையுங்கள்’ என்றால் பிறகு உதவும், ஆற அமரச் செய்யலாம். ‘அனுப்பித் தாருங்கள்’ என்றால் எனக்காகச் செய்கிறீர்கள் என்று நான் ஒப்புக்கொள்கிறேன். ‘அனுப்பித் தொலையுங்கள்’ என்பதில் ‘ங்கள்’ இருந்தும் மரியாதை துளியும் இல்லை. வேர்ச்சொல் ஒன்றுதான், நடுவில் நிற்கும் சின்ன வினை மனத்தைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. உங்கள் ஸ்டோர் கீப்பரிடம் நான் கேட்டிருந்தால் ‘அனுப்பித் தர முடியுமா?’ என்று கேட்டிருப்பேன். முடியாது என்று அவர் சொல்லப்போவதில்லை என்பது இருவருக்கும் தெரியும். இருந்தாலும் சொல்வதற்கு ஓர் இடம் விட்டு வைப்பதுதான் விஷயம்.

இது நேற்று முளைத்த கவலை அல்ல. ‘ஈ’ என்பது தாழ்ந்தவன் உயர்ந்தவனிடம் கேட்பது, ‘தா’ என்பது ஒத்தவனிடம் கேட்பது, ‘கொடு’ என்பது உயர்ந்தவன் தாழ்ந்தவனிடம் கேட்பது என்று தொல்காப்பியமே மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கத்தில் வந்த உயர்சொல், இலக்கண நெறி அல்ல என்றும் அதே நூல் சொல்கிறது. ‘நீங்கள்’ என்ற பன்மையை ஒருமைக்குப் பயன்படுத்தும் பழக்கத்தின் அடியில் இருப்பதும் அந்த மரபுதான். ‘ஈ’ பேச்சிலிருந்து போய்விட்டது. ‘தா’வும் ‘கொடு’வும் படி இறங்கி ஏறிக் கலந்துவிட்டன. ஆனாலும் ‘தாருங்கள்’ என்பதில் இருக்கும் நெருக்கம் ‘கொடுங்கள்’ என்பதில் இன்றைக்கும் கொஞ்சம் குறைவு என்றுதான் என் காதுக்குப் படுகிறது.

உங்கள் செய்தியில் நிஜமாகவே குத்தியது ‘ஏன்?’ என்ற ஒற்றைச் சொல். தனியாக நிற்கும் ‘ஏன்’ விசாரணை. காவல் நிலையத்திலும் வகுப்பறையிலும் கேட்கப்படுவது. அதற்கு முந்தைய வாக்கியமும் அவரைத்தான் சுட்டுகிறது: ‘அனுப்பவில்லை’, அதாவது நீங்கள் அனுப்பவில்லை. அதையே ‘பட்டியல் இன்னும் வந்து சேரவில்லை’ என்று எழுதியிருந்தால் குற்றவாளிக் கூண்டில் யாரும் ஏற வேண்டியிருக்காது. இந்த வசதி தமிழுக்கு நிறைய உண்டு. உடைத்தார், உடைந்தது. விட்டுவிட்டார், விடுபட்டது. தவறவிட்டார், தவறிவிட்டது. பிறர் பிழையைச் சொல்லும்போது இரண்டாவதை எடுங்கள்: ‘இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது’. படிப்பவருக்கு யார் விட்டார் என்று தெரியும்; நீங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

உங்கள் பிழை என்றால் மட்டும் இதைத் திருப்பிப் போட வேண்டும். ‘தவறு நேர்ந்துவிட்டது’ என்று எழுதுகிறவரைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். மழை பெய்ததுபோலத் தவறு தானாக நேர்ந்ததா? ‘நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன்’ என்று எழுதுங்கள். ரயில் நிலையத்தில் ‘தாமதத்திற்கு வருந்துகிறோம்’ என்று ஒலிபெருக்கி சொல்லும்போது நமக்கு ஒன்றும் ஆறுவதில்லை. வருந்துவதாகச் சொல்லும் அந்த ‘நாங்கள்’ யார் என்று யாருக்கும் தெரியாது. அலுவலகத்தில் எழுதுகிறவருக்கு முகம் இருக்கிறது.

ஓர் எழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏகாரம். ‘நேற்று சொன்னேன்’ என்பது தகவல். ‘நேற்றே சொன்னேன்’ என்பது புகார். ‘நேற்றே சொன்னேனே’ என்பது அடி. மூன்றுக்கும் இடையில் இருப்பது ஓரெழுத்து. ‘மறுபடியும்’, ‘எத்தனை முறை’, ‘உங்களுக்குத் தெரியாததா’ ஆகியவையும் இதே குடும்பம். பேச்சில் சிரித்துக்கொண்டே சொல்லலாம். எழுத்தில் சிரிப்பு போய்ச் சேராது. இரண்டாம் முறை கேட்க நேர்ந்தால் முதல் முறையைக் குறிப்பிடாமலே கேட்பது என் வழக்கம். அவருக்கு ஞாபகம் இருக்கும், பயப்படாதீர்கள்.

காரணம் சொல்லிக் கேட்பதை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் வெறும் பூச்சு. ‘4 மணிக்குள்’ என்றால் ஏன் 4 மணி? ஐந்தரைக்குத் திருப்பூர் லாரி கிளம்புகிறது, அதற்குள் எதை ஏற்றுவது என்று முடிவு செய்ய வேண்டும் என்றால் அதைச் சொல்லுங்கள். ஆக மொத்தம் இப்படி வந்திருக்கலாம்: “அண்ணா, ஸ்டாக் பட்டியல் இன்னும் வந்து சேரவில்லை. ஐந்தரைக்குத் திருப்பூர் லாரி கிளம்புகிறது. 4 மணிக்குள் கிடைத்தால் சரக்கைப் பிரித்துவிடலாம். அனுப்பித் தர முடியுமா?” உங்கள் செய்தியைவிட நீளம்தான். ‘தயவுசெய்து’ இல்லை. இதற்கு அவர் முகம் திருப்பியிருக்க மாட்டார்.

‘அண்ணா’ என்று எழுதலாமா என்று தயங்குவீர்கள். நேரில் எப்படிக் கூப்பிடுகிறீர்களோ அப்படியே எழுதுங்கள். நேரில் அண்ணா, திரையில் ‘திரு’ என்றால் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது என்று அவர் நினைப்பார். நேரில் சார் என்றால் சார். ‘தாங்கள்’ என்பதை வாடிக்கையாளருக்கு எழுதும் முதல் கடிதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பக்கத்து மேஜைக்காரரைத் ‘தாங்கள்’ என்று எழுதினால் அது மரியாதை இல்லை, தூரம். இலங்கைத் தமிழரோடு கொடுக்கல் வாங்கல் இருந்தால் இன்னொன்று: யாழ்ப்பாணத்தில் நீ, நீர், நீங்கள் என்று மூன்று படிகள் உயிரோடு இருக்கின்றன. ‘நீர் அனுப்பும்’ என்று அங்கிருந்து ஒருவர் எழுதினால் அது இயல்பான நடுப்படி. கோவையில் படிப்பவருக்கு மேடை நாடகத்து ராஜா பேசுவதுபோல் இருக்கும், கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை.

எதிரே இருப்பவரை எப்படி அழைக்கிறோம் என்பதில் எல்லோரும் கவனமாக இருக்கிறார்கள். இல்லாதவரைப் பற்றி எழுதும்போதுதான் சாயம் வெளுக்கிறது. ‘முதலாளி வந்துவிட்டார். டிரைவர் இன்னும் வரவில்லை, அவன் போனையும் எடுக்கவில்லை.’ அந்த டிரைவருக்கு 50 வயது இருக்கும், அந்தக் குழுவிலேயேகூட அவர் இருப்பார். சம்பளம் குறையக் குறைய ‘அவர்’ தேய்ந்து ‘அவன்’ ஆகிறது. ஆண் ஊழியர் ‘வந்தார்’, அதே பதவியில் இருக்கும் பெண் ‘வந்தாள்’. நரைத்த தலையோடு தேநீர் வாங்கி வருபவர் ‘ஆபீஸ் பையன்’. வேறு பல மொழிகளில் வினைச்சொல்லின் வால் இவ்வளவு காட்டிக்கொடுக்காது. தமிழில் ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் நாம் யாரை எங்கே வைத்திருக்கிறோம் என்று முத்திரை விழுகிறது. நீங்கள் சூப்பர்வைசர் என்பதால் சொல்கிறேன்: குழுவில் எல்லோருக்கும் ‘-ஆர்’ என்று முடிவு செய்துவிடுங்கள். யாருக்கும் அறிவுரை சொல்ல வேண்டாம், நீங்கள் எழுதினால் போதும், ஒரு மாதத்தில் மற்றவர்களும் மாறுவார்கள். நான் பார்த்த இரண்டு அலுவலகங்களில் மாறினார்கள்.

‘நாம்’, ‘நாங்கள்’ வேறுபாடு இந்த மொழியில் கிடைத்த சொத்து. அதை வைத்து ஏமாற்றவும் செய்யலாம். ‘நாம் இதை முன்பே முடித்திருக்க வேண்டும்’ என்று மேலாளர் எழுதினால், அந்த ‘நாம்’ பெரும்பாலும் ‘நீ’ தான். கேட்பவருக்கும் அது தெரியும், அதனால் கூடுதலாக எரியும். உண்மையிலேயே உங்களுக்கும் பங்கு இருந்தால் மட்டும் ‘நாம்’ போடுங்கள்.

மறுக்கும்போது நம்மவர்கள் அளவுக்கு மீறி மென்மையாகிவிடுகிறார்கள். ‘பார்க்கலாம்’, ‘முயற்சி செய்கிறேன்’, ‘சொல்கிறேன்’. கல்யாண வீட்டில் இது பண்பாக இருக்கலாம், அலுவலகத்தில் இதுதான் பெரிய மரியாதைக் குறைவு. ஒருவர் உங்கள் பதிலை நம்பி மூன்று நாள் காத்திருப்பார். ‘மாட்டேன்’ என்பது மனம் இல்லை என்கிறது, ‘முடியாது’ என்பது கதவைச் சாத்துகிறது, ‘இயலவில்லை’ என்பது சூழலைக் காட்டுகிறது. மூன்றாவதை எடுத்துக்கொண்டு கூடவே ஒரு தேதியை வையுங்கள்: ‘இந்த வாரம் இயலவில்லை, செவ்வாய்க்கிழமை தருகிறேன்’. ‘முன்கூட்டியே நன்றி’ என்று முடிப்பதையும் விட்டுவிடுங்கள். செய்வதற்கு முன்னால் வரும் நன்றி கையில் திணித்த முன்பணம்போல் இருக்கிறது. வேலை முடிந்த பிறகு ‘நீங்கள் சொன்னபடியே லாரி ஐந்தரைக்குக் கிளம்பிவிட்டது அண்ணா’ என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். அதில் நன்றி என்ற சொல்லே இல்லை.

சிலர் ‘சார்’ என்று ஒற்றைச் சொல்லை அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள். படித்தவருக்கு வயிற்றைக் கலக்கும். மேலதிகாரி இரவு பத்து மணிக்கு ‘நாளை பேச வேண்டும்’ என்று அனுப்புவது இன்னும் மோசம், அவருக்குத் தூக்கம் வரும், கீழே இருப்பவருக்கு வராது. எதைப் பற்றி என்று நாலு சொல் சேர்த்தால் தீர்ந்தது.

இவ்வளவு விறைப்பு நமக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பெரும்பகுதி அரசுக் கடிதத்திலிருந்து என்பேன். 1956இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்த பிறகு அலுவலகத் தமிழ் என்று ஒன்று வளர்ந்தது. அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்ற சட்டகம்; ‘கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’, ‘தவறும் பட்சத்தில் நடவடிக்கை மேற்கொள்ளப்படும்’ என்ற நடை. அது கோப்புக்கு எழுதப்பட்டது. நாளை யாரோ ஒருவர் எடுத்துப் பார்த்தால் எல்லாம் முறைப்படி இருக்க வேண்டும். தனியார் நிறுவனங்கள் அலுவலகத் தமிழ் என்றால் அதுதான் என்று நினைத்து அப்படியே எடுத்துக்கொண்டன. வேடிக்கை என்னவென்றால், அரசே ஒரு காரியம் உண்மையில் நடக்க வேண்டுமானால் குறிப்பாணையை ஒதுக்கிவிட்டு நேர்முகக் கடிதம் எழுதும்; அதில் அதிகாரி இன்னொரு அதிகாரியைப் பெயர் சொல்லி ‘அன்புள்ள’ என்று தொடங்குவார்.

இனிக் குரல் பதிவுக்கு வருகிறேன்.

நம் ஊரில் இயந்திரத்திடம் பேசும் பழக்கம் வேரூன்றவே இல்லை. ஆள் எடுக்காவிட்டால் வைத்துவிடுவோம். ‘மிஸ்டு கால்’ பார்த்து அவர் கூப்பிடுவார் என்பதுதான் நமது ஏற்பாடு. போதாததற்கு, பதிவுக் குரல் என்றாலே நமக்கு நினைவு வருவதெல்லாம் கசப்பு: தொடர்பு எல்லைக்கு வெளியே, சுவிட்ச் ஆஃப் செய்யப்பட்டுள்ளது, சிறிது நேரம் கழித்து முயற்சிக்கவும். 2020 மார்ச்சில் யாரைக் கூப்பிட்டாலும் முதலில் ஓர் இருமல் கேட்டதே, அது இன்னும் என் காதில் இருக்கிறது. ‘நீங்கள் தொடர்புகொள்ளும் வாடிக்கையாளர்’ என்று சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். நான் கூப்பிட்டது என் அக்காவை. அவள் அவர்களுக்குத்தான் வாடிக்கையாளர், எனக்கா? பேசுகிறவர் தன் இடத்திலிருந்தே உலகத்தைப் பார்த்தால் வாசகம் இப்படித்தான் அமையும்.

பல நிறுவனங்களில் நான் கேட்கும் வாசகம் ஏறத்தாழ இது: “வணக்கம். நீங்கள் இன்ன நிறுவனத்தை அழைத்துள்ளீர்கள். தற்சமயம் தங்கள் அழைப்பை ஏற்க யாரும் இல்லை. தங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது. பீப் ஒலிக்குப் பின் தங்கள் தகவலை விட்டுச் செல்லவும். அலுவலக நேரத்தில் மட்டும் அழைக்கவும்.”

ஒவ்வொன்றாகப் பாருங்கள். ‘யாரும் இல்லை.’ தமிழர்கள் ‘இல்லை’யில் பேச்சைத் தொடங்குவதில்லை. கடையில் அரிசி தீர்ந்துவிட்டால்கூட ‘நாளைக்கு வரும்’ என்பார் நல்ல கடைக்காரர். விளக்கை அணை என்று சொல்லாமல் குளிரவை என்றும், போகிறேன் என்று சொல்லாமல் போய் வருகிறேன் என்றும் சொல்லும் கூட்டம் நாம். நன்னூல் இதற்கு மங்கலம் என்று பெயரே வைத்திருக்கிறது. ஆகவே மூடியிருப்பதைச் சொல்லாதீர்கள், திறக்கும் நேரத்தைச் சொல்லுங்கள். ‘அழைப்பு முக்கியமானது’ என்பது, எடுக்க ஆள் இல்லாத இடத்தில் சொல்லும்போது கேலி. ‘விட்டுச் செல்லவும்’ வேறொரு மொழியிலிருந்து பெயர்த்து வைத்தது. தமிழில் விட்டுச் செல்வது செருப்பையும் குழந்தையையும். பேச்சை யாரும் விட்டுச் செல்வதில்லை, சொல்லிவிட்டுப் போவார்கள். கடைசி வரி வெளிப்படையான திட்டு. தோட்டத்தில் மோட்டார் நின்றுபோய் இரவு எட்டு மணிக்குக் கூப்பிடும் விவசாயியிடம், நேரம் கெட்ட நேரத்தில் ஏன் கூப்பிட்டாய் என்கிறது.

நான் எழுதித் தருவதானால் இப்படி:

“வணக்கம். இது கோயம்புத்தூர்” என்று தொடங்கி நிறுவனத்தின் பெயரை நிறுத்திச் சொல்லுங்கள். “அலுவலகம் திங்கள் முதல் சனி வரை காலை ஒன்பதரைக்குத் திறக்கும், மாலை ஆறு வரை இருப்போம். மணிச் சத்தம் கேட்டதும் உங்கள் பெயர், ஊர், என்ன பாகம் வேண்டும் என்று சொல்லுங்கள். திறந்ததும் நாங்களே கூப்பிடுகிறோம். அவசரமென்றால் இதே எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் எழுதுங்கள், இரவு ஒன்பது மணி வரை பார்ப்போம். வணக்கம்.”

இதில் ‘நாங்களே கூப்பிடுகிறோம்’ என்பதுதான் உயிர். அந்த ஏகாரம் இங்கே குத்தவில்லை, பாரத்தை உங்கள் தோளுக்கு மாற்றிக்கொள்கிறது. கூப்பிடப் போவதில்லை என்றால் அந்த வரியை நீக்கிவிடுங்கள். வாட்ஸ்அப்பைப் பார்க்க ஆள் இல்லையென்றால் அதையும். நிறைவேறாத வாக்கைவிட முரட்டு வாசகம் மேல். ‘ஒன்பது முப்பது’ என்று படிக்காதீர்கள், ‘ஒன்பதரை’ என்றால்தான் எல்லோருக்கும் ஒரே தடவையில் ஏறும். ‘எங்கள்’, ‘நாங்கள்’ என்றே இருக்கட்டும், அழைப்பவர் உங்கள் ஆள் அல்ல என்பதால் ‘நம் அலுவலகம்’ என்று உறவு கொண்டாட வேண்டியதில்லை.

பெண் குரல்தான் வேண்டும் என்று முதலாளி சொல்வார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காலையில் திரும்பக் கூப்பிடப் போகிறவர் யாரோ அவரே பேசட்டும். கேட்டவருக்கு அதே குரல் திரும்ப வரும். தாளைப் பார்த்துப் படித்தால் செய்தி வாசிப்பதுபோல் இருக்கும். இரண்டு முறை படித்துவிட்டுத் தாளை மடித்து வைத்துவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அப்படிச் சொல்லும்போது எழுத்தில் நாம் தொலைத்த அந்த ‘ங்க’ தானாகத் திரும்பி வந்துவிடும். வந்தால் தடுக்காதீர்கள்.

ஸ்டோர் கீப்பர் விஷயத்தில் ஒன்றுதான் பாக்கி. குழுவில் எல்லோர் முன்னாலும் எழுதியதைத் தனியாகப் போய்ச் சரிசெய்ய முடியாது. குழுவிலேயே எழுதுங்கள், சுருக்கமாக: “அண்ணா, அன்றைக்கு நான் கேட்ட விதம் சரியில்லை. பட்டியல் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது, அதனால்தான் லாரி நேரத்துக்குக் கிளம்பியது.” ‘யாராவது புண்பட்டிருந்தால்’ என்று சேர்த்துவிடாதீர்கள், யார் புண்பட்டார் என்று 14 பேருக்கும் தெரியும். அவர் ஒரு கும்பிடு படத்தை மட்டும் அனுப்பினால் போதும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

குரலைப் பதிவு செய்ததும் ஞாயிறு இரவு வேறோர் எண்ணிலிருந்து ஒருமுறை நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். விடுமுறைக்கென்று தனி வாசகம் வைத்தால், அதை எடுக்கும் தேதியை அன்றைக்கே நாள்காட்டியில் குறித்துவிடுங்கள். ‘அனைவருக்கும் தீபாவளி நல்வாழ்த்துகள், அலுவலகம் மூன்று நாள் விடுமுறை’ என்று பொங்கல் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்த ஒரு நிறுவனத்தை எனக்குத் தெரியும். அந்த வாசகத்தை எழுதிக் கொடுத்தவள் நான்தான்.